பெரிய பாப்பா வரவில்லை

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, அதுவும் மாடிப்படி ஏறும்போதுதான். உனக்கு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். பழைய கார் கிளப்பின் வண்டிகளையெல்லாம் ரிப்பேர் பார்க்கும் நம் ஸ்பானர் மாமாவிடம் நீ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். இத்தனை மாதம் அவர் வாயே திறக்கவில்லை. நேற்று அவர் பட்டறையில் உட்கார்ந்து நான் அழுத பிறகு, சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். "உங்கப்பா கேட்டா நான் உன்னைப் பார்க்கவே இல்ல" என்றார்.

எனக்கும் பயம்தான். போன வருஷ ராலியிலிருந்து நீ இல்லாமல் அப்பா மட்டும் உடைந்த வண்டிகளை இழுக்கும் லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தாரே, வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "அவனுக்கு யாராவது எழுதினீங்கன்னா, அவன்கூடவே போய் இருந்துக்கலாம்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை கேட்கிறவரை எழுதுவேன். நின்றால் டார்ச்சை அணைத்துவிடுவேன்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் கிளப்பின் வெள்ளிவிழா ராலி. சனி, ஞாயிறு இரண்டு நாளும். மில் மைதானத்தில் கிளம்பி, வயல் வழியாகப் போய், ஏரிக்கரையில் சாப்பாடு, மறுநாள் திரும்பி வருகிறார்கள். அப்பாதான் செயலாளர், இந்த வருஷமும் அவர்தான் கொடி காட்டுவார். நீ பெரிய பாப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றால் போதும். வண்டியைப் பார்த்தால் அப்பாவுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். எனக்குத் தெரியாதா, நான் பிறந்தபோதுகூட அவர் வண்டியைத்தான் பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அதனால்தானே நான் சின்னப் பாப்பா ஆனேன்.

பதில் வீட்டுக்குப் போடாதே. தெருமுனைத் தையல்காரம்மா முகவரிக்குப் போடு. என் யூனிஃபார்மைத் தைத்தவர், நல்லவர்.

குறட்டை நின்று

பிப்ரவரி 24

அன்புள்ள சின்னப் பாப்பாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே கவரைக் கிழித்தேன், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று. எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மெத்தை நீளத்துக்கு ஐஸ் பாளங்கள் வரும், கொக்கி போட்டு இழுத்து லாரியில் ஏற்ற வேண்டும். வெளியே எல்லோரும் வெயிலில் வேகும்போது நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டிருப்பேன். அறையில் நாங்கள் மூன்று பேர். நான் நடுவில் படுப்பதால் இரண்டு பக்கமும் உதை. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறோம், காலையில் பஞ்சர் பார்க்க வருகிறவர்களின் சண்டையில்தான் எழுந்திருப்பேன்.

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா? இன்னும் காரை "என் சக்களத்தி" என்றுதான் சொல்கிறாளா? நீ கணக்கில் எப்படி? மேலே மேலே கேள்வியாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கேட்க வேறு ஆள் இல்லை.

ராலி நன்றாக நடக்கட்டும். அப்பாவைத் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல், வெயிலில் மயக்கம் வரும்.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். அம்மா எண்ணெய் தேய்க்கிறாள், நான்தான் தேய்த்துவிடுகிறேன். கணக்கைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, நீயும் பேசாதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெரிய பாப்பா எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. சைக்கிள் கடையைப் பற்றி எழுதினாய், உதையைப் பற்றி எழுதினாய். வண்டியை எங்கே நிறுத்துகிறாய்? மேலே உறை போட்டிருக்கிறாயா?

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஸ்பானர் மாமா சொன்னார். வயல் ரோட்டில் அப்பா உன்னிடம், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "நீ பண்றதுக்குப் பேரு ஓட்டுறது இல்ல, உருட்டுறது" என்றாராம். நீ "அப்படின்னா இறங்கிக்கங்க" என்றாயாம். அவர் இறங்கிவிட்டாராம். நீ போய்விட்டாயாம். இவ்வளவுதானா அண்ணா? இதற்கா? நானும் அம்மாவும் தினமும் போடும் சண்டைக்கு இது கால்வாசிகூட இல்லையே.

அப்பா ஸ்பானர் மாமாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்: "நாலடி போய் நிறுத்துவான்னு நின்னுட்டிருந்தேன்."

இப்போது நான் சொல்லப்போவதற்குக் கோபப்படாதே. ராலிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. நான் ஒரு விண்ணப்பப் பாரம் எடுத்து உன் பெயர், வண்டி எண் எல்லாம் எழுதி, நீ அனுப்பின மாதிரி கிளப் பெட்டியில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். என் கை நுழையவில்லை.

வந்துவிடு, அண்ணா.

உன் தங்கை

ஏப்ரல் 6

சின்னப் பாப்பாவுக்கு,

சுகம்தானே? நான் சுகம்.

என்ன காரியம் செய்திருக்கிறாய்! உடனே ஸ்பானர் மாமாவிடம் சொல்லி அந்தப் பாரத்தை எடுத்துக் கிழித்துப் போடச் சொல். அப்பா பார்ப்பதற்கு முன்னால். வண்டி ஓடும் நிலையில் இல்லை. அதற்கு மேல் கேட்காதே.

நாலடி போய் நிறுத்துவேன் என்று நின்றாராமா? நான் மெதுவாகத்தான் போனேன். நடந்தே பிடித்துவிடலாம், அவ்வளவு மெதுவாக. "டேய்" என்று ஒரு குரல் கொடுப்பார் என்று வளைவு வரை காத்திருந்தேன். வளைவு வந்துவிட்டது. வளைவுக்குப் பிறகு திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை. கோபம் மாதிரி எழுதிவிட்டேன்.

அண்ணன்

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் கடிதம் வருவதற்குள் அப்பா பாரத்தைப் பார்த்துவிட்டார். போன வியாழக்கிழமை கிளப்பிலிருந்து வந்தார். சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்து, "பேர் கொடுத்திருக்கான்" என்றார். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "யாரு?" என்றாள், தெரிந்துகொண்டே. அப்பா போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் கண்ணாடிக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து ஷெட்டைத் திறந்தார். வண்டி போன பிறகு அதில் அம்மா பழைய கட்டிலையும் பானைகளையும் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத் தரையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். புது பல்பு மாட்டினார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "ஏன், சக்களத்தி வர்றாளாமா? எனக்கு அடுப்படியில பல்பு போய் ஆறு மாசம் ஆச்சு, அது கண்ணுக்குத் தெரியல" என்றாள். அப்பா சிரித்தார், அண்ணா. போன வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் சிரித்துப் பார்க்கிறேன்.

அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. அது நான் எழுதினது என்று எப்படிச் சொல்வேன்? அந்தச் சிரிப்பை நான்தான் திருடிக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது. ஓடாத வண்டி என்றால் ஸ்பானர் மாமாவை அனுப்பட்டுமா? லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால்கூடப் போதும். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் தங்கை

மே 9

அண்ணாவுக்கு,

நலமா? நாங்கள் நலம். பரீட்சை முடிந்துவிட்டது.

தையல்காரம்மா கடைக்கு நூல் வாங்குகிற சாக்கில் தினமும் போகிறேன். வீட்டில் இப்போது எல்லா நிறத்திலும் நூல் இருக்கிறது. நீ இன்னும் எழுதவில்லை.

அப்பா ராலிக்கு எண் பலகைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். உனக்குப் பதினேழு. மற்ற எண்களைவிட அதற்கு ஒரு கோட்டிங் கூட அடித்த மாதிரி எனக்குத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஒரு வரி எழுது. வர முடியாது என்றாலும் அதை எழுது.

தங்கை

மே 21 (அஞ்சல் அட்டை)

நலம். நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கவர் வாங்க நேரமில்லை, அட்டையில் எழுதுகிறேன். யார் படித்தாலும் உனக்கு மட்டும் புரியும். பாப்பா என்னிடம் இல்லை. இங்கே வந்த மறுமாதமே நெஞ்சு அடைத்துவிட்டது, மூச்சே இல்லை. வைத்தியம் பார்க்க என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு பணக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன். தன் வாசலில் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தூரத்திலிருந்து பார்ப்பேன். தொட விடமாட்டார்கள். இனி எந்த முகத்தோடு வருவேன்? அப்பாவிடம் சொல்லாதே. அண்ணன்.

மே 29

அண்ணாவுக்கு,

நீ சுகமா? இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் இன்றைக்குச் சொல்ல முடியாது.

ஏன் அட்டையில் எழுதினாய்? உனக்கு மட்டும் புரியும் என்று எழுதியிருந்தாய். தையல்காரம்மாவுக்கும் புரிந்துவிட்டது, தப்பாக! அவர் என் கையில் கொடுக்கவில்லை. நேராக வீட்டுக்கு ஓடி வந்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டது.

"அக்கா, மனசைத் திடப்படுத்திக்கங்க. உங்களுக்குப் பேரக்குழந்தை பொறந்திருக்கு."

"என்னது!"

"பொறந்தும் பிரயோஜனம் இல்ல. நெஞ்சு அடைச்சுப்போச்சாம். கையில காசில்லன்னு உங்க பையன் அதை யாரோ பணக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துட்டாரு. அந்தப் பாவி அதை வாசல்ல வச்சிருக்கானாம், அக்கா! வெயில்லயும் மழையிலயும்! போறவங்க வர்றவங்க போட்டோ எடுக்குறாங்களாம்!"

அம்மா அட்டையை வாங்கிப் படித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தையல்காரம்மா பயந்துபோய், "ஐயோ, அக்காவுக்குச் சித்தம் கலங்கிப்போச்சே" என்றார்.

"அது காரும்மா. எங்க வீட்டுக் கார்."

"காருக்கு எப்படிக்கா நெஞ்சு அடைக்கும்?"

அதற்கும் அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், "கையில ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கானே" என்றாள். அதன் பிறகு சிரிப்பு சிரிப்பாக இல்லை. தையல்காரம்மாதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தார். "அவளை எத்தனை வருஷம் திட்டியிருக்கேன், ஒரு நாள்கூடப் போகணும்னு நினைச்சதில்லை" என்றாள். அம்மா காருக்காக அழுதாளா, உனக்காக அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை, கடிதம் வந்த கதையெல்லாம் தையல்காரம்மாவிடமே கேட்டுக்கொண்டாள். அப்பா சாப்பிட்டு முடித்ததும் அட்டையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "வண்டி போயிடுச்சு. பாரம் எழுதினது உங்க பொண்ணு. ரெண்டு பேரும் மாசக்கணக்கா எழுதிக்கறாங்க. கத்தறதா இருந்தா என்மேல கத்துங்க" என்றாள். அப்பா கத்தவில்லை. அட்டையைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே முகவரி தவிர ஒன்றும் இல்லை. எழுந்து போய் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "தண்ணி" என்றுகூடக் கேட்பதில்லை, தானே எழுந்து எடுத்துக்கொள்கிறார். என்னை உன்னிடம் அனுப்பிவிடுவாரா? அனுப்பினால் உங்கள் அறையில் எனக்கு இடம் இருக்குமா? நான் உதைக்க மாட்டேன். ஆனால் எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை, அண்ணா. நீயும் இங்கே இருக்கத்தான் ஆசை.

குறட்டையும் கேட்கவில்லை. விழித்துத்தான் இருக்கிறார் போலிருக்கிறது. இருந்தாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை

ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு மூக்கு நுனி மட்டும் வெயிலில் உரிந்திருக்கிறது. தொப்பி போடவில்லை, நீ சொன்னதாகச் சொல்லியிருந்தால் போட்டிருப்பாரோ என்னவோ.

ராலி நடந்தது. அதை உனக்கு உடனே எழுத வேண்டும்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்று நான் நினைக்கவில்லை. காலையில் அம்மாவிடம், "அவளைக் கிளம்பச் சொல்லு, பலகை எடுத்துக் கொடுக்க ஆள் வேணும்" என்றார். மில் மைதானத்துக்கு நடந்தே போனோம். அவர் முன்னால், நான் பின்னால்.

எல்லா வண்டியும் வந்திருந்தது. கதவு பின்பக்கமாகத் திறக்குமே அந்தக் கறுப்பு வண்டி, சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி போட்ட சிவப்பு வண்டி, கிளப் தலைவர் பல் டாக்டரின் வாத்துக் குரல் ஹாரன் வைத்த பச்சை வண்டி. எல்லாவற்றின் மூக்கிலும் வெள்ளி ரிப்பன். நான் பலகைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். பதினாறு கொடுத்தேன். பதினேழு கையில் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பதினெட்டைப் பல் டாக்டருக்குக் கொடுத்தேன்.

அப்பா ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுக் கொடியை இறக்கினார். வண்டிக்கு வண்டி கொஞ்சம் இடைவெளி விட்டு, கடிகாரத்தைப் பார்த்து. வராத வண்டி என்றால் "அடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம், உனக்குத் தெரியும். பதினாறு போயிற்று. அப்பா "பதினேழு" என்றார். அதற்கப்புறம் உன் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், தன் பெயரின் முதலெழுத்தோடு.

யாரும் இல்லை. சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் இருந்தது. "அடுத்தது" என்று சொல்லப்போகிறார் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மற்ற வண்டிகளுக்கு விட்ட அதே இடைவெளி. பின்னால் பல் டாக்டர் வாத்து ஹாரனை அடித்தார். ஓரமாக நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா அசையவே இல்லை. நேரம் முடிந்ததும் கொடியை இறக்கினார், எல்லோருக்கும் இறக்கின மாதிரியே. புழுதிகூடக் கிளம்பவில்லை.

பல் டாக்டர் கண்ணாடியை இறக்கி, "செயலாளரே, யாருக்குக் கொடி? காத்துக்கா?" என்றார்.

"பேர் கொடுத்தவனுக்கு."

"அவன்தான் வரலையே ஐயா!"

"வந்ததுக்கு அப்புறம் பேசிக்கலாம். நீங்க வண்டிய முன்னாடி எடுங்க. வாத்து தாகத்துல கத்துது."

எல்லோரும் இப்போது பல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மத்தியானம் ஏரிக்கரை மரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசி ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார். அப்போதுதான் பேசினார்.

"அவன் ஏழு போட்டா நடுவுல ஒரு குறுக்குக் கோடு போடுவான். கடை அளவுச் சீட்டுல ஒண்ணும் ஏழும் குழம்பக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாரத்துல எழுதின வண்டி நம்பர்ல அந்தக் கோடு இல்ல."

நான் ரொட்டியை மடியில் வைத்துவிட்டேன். "அப்ப, பார்த்த அன்னிக்கே தெரியுமாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஷெட்டைத் துடைச்சீங்க?"

"நீ எழுதினா வருவான்னு நினைச்சேன். நான் எழுதி, அவன் வரலன்னா?"

அவ்வளவுதான் சொன்னார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்னை அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டேன். "எங்க?" என்றார். "அண்ணாகிட்ட" என்றேன். அவர் அப்படிச் சொன்னதே அவருக்கு ஞாபகம் இல்லை, அண்ணா! ஞாபகப்படுத்தியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயும் போயிட்டா உங்கம்மாவும் கூடவே கிளம்பிடுவா. நான் வீட்ல யாரைத் திட்டறது?" என்றார்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் வாங்கினது, எங்கே இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மட்டும், "ஐஸ் ஆலைல கையுறை கொடுக்கறாங்களாமா?" என்று கேட்டார். உன் வேலையைப் பற்றி ஸ்பானர் மாமா சொல்லியிருப்பார் போல. எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரிந்தால் எழுது.

உன் சின்னப் பாப்பா

ஜூன் 27

அன்புள்ள சின்னப் பாப்பாவுக்கு,

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு நேற்றுவரை காய்ச்சல், இன்றைக்கு இல்லை. இந்தக் கடிதத்தை நேராக வீட்டு முகவரிக்கே போடுகிறேன். தபால்காரர் அப்பா கையில் கொடுத்தாலும் கொடுக்கட்டும். தையல்காரம்மாவிடம் குழந்தை பிழைத்துக்கொண்டது என்று சொல்லிவிடு.

கையுறை கொடுக்கிறார்கள். உள்ளே ஈரம் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பெரிய பாப்பாவை வாங்கின பணக்காரரின் ஹோட்டல் வாசலுக்குப் போனேன். ஒரு கல்யாணப் பெண் அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், போட்டோ எடுத்தார்கள். அதற்கு மேல் அங்கே நிற்கத் தோன்றவில்லை. வந்து மேஸ்திரியிடம் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பஸ்.

வீட்டுக்குப் போகாமல் முதலில் கடைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அப்பாவிடம் என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. காலையில் லாரியில் பெரிய கண்ணாடிகள் வந்து இறங்கும். அவற்றை ஒருத்தரே தூக்க முடியாது, அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். பத்து வயதிலிருந்து அந்தப் பக்கம் நான்தான். தூக்கும்போது யாரும் பேச மாட்டோம், கால் மட்டும் ஒன்றாக எடுத்து வைக்க வேண்டும். போய் அந்த முனையைப் பிடித்துக்கொள்கிறேன். இறக்கி வைத்த பிறகு அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

அம்மாவிடம் இன்னும் ஒரு ஆளுக்குச் சாப்பாடு போடச் சொல்.

அண்ணன்